அறுகம்குடாவில் அலைப்பலகை வாடகைக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு: மென்பலகையா, வன்பலகையா?

கிழக்கிலங்கையின் அறுகம்குடாப் பிரதான வீதியில், அலைமேல் நின்று சறுக்கும் அலைப்பலகைகளை வாடகைக்கு விடும் கடைகளின் முன்னால் இரண்டு வகைப் பலகைகள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். நீலம், மஞ்சள் என்று பளிச்சிடும் நிறத்தில், கையால் அழுத்தினால் சற்றுக் குழியும் மேற்பரப்புடன் இருப்பவை மென்பலகைகள். வெள்ளையாகவோ வெயில் பட்டுப் பழுப்பேறியோ, தட்டினால் டொக்கென்று கேட்பவை கண்ணாடியிழை போர்த்த வன்பலகைகள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்திலிருந்து வார இறுதியில் வருகிறவர்களின் கையில் கடைக்காரர் எதுவும் கேட்காமலே மென்பலகையைத்தான் கொடுப்பார். சில பருவங்களாக இரண்டையும் மாறிமாறி எடுத்துப் பார்த்ததில், அந்த வழக்கம் பாதி சரி, பாதி பழக்கதோஷம் என்றே எனக்குப் படுகிறது.

மென்பலகையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் மீன்பெட்டி செய்கின்ற ரெஜிபோம் வகைதான். விறைப்புக்காக நடுவில் மரச்சட்டம் ஓட, மேலே மிருதுவான நுரைப்படையும் அடியில் வழுவழுப்பான பிளாஸ்ரிக் தகடும் ஒட்டப்பட்டிருக்கும். எட்டு அடிப் பலகையொன்றின் கனவளவு 70 லீற்றரைத் தாண்டுவதால், நெஞ்சை வைத்துப் படுத்துக் கையால் துடுப்புப் போல நீரை வலிக்கும்போது அது அமிழாமல் உயர்ந்தே மிதக்கும். அலை சரியாக நிமிர்வதற்கு முன்பே நம்மைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டும் விடும். பேபி பொயின்ற் எனப்படும் உட்பகுதியில், உடைந்து நுரைத்து வரும் அலையில் எழுந்து நிற்கப் பழகுவதற்கு இதைவிட ஏற்ற பலகை கிடையாது. சட்டையில்லாமல் படுத்தால் வயிறும் மார்பும் உராய்ந்து எரியத் தொடங்கும் என்பது ஒன்றுதான் அங்கே அதன் குறை.

ஆனால், எழுந்து நின்று திரும்ப முயலும்போது மற்றக் குறைகள் தெரியவரும். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், தெற்கே இந்து சமுத்திரத்திலிருந்து வரும் நீண்ட அலைகள் குடாவின் தென்முனையைச் சுற்றி வளைந்து, பாறையும் முருகைக்கல்லும் கிடக்கும் தரையின் மேல், சறுக்குகிறவருக்கு வலப்புறமாக உடைந்துகொண்டே ஓடும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் கலங்காமல் நிமிர்ந்து நிற்கும். குடாவின் பிரதான அலையிடமான மெயின் பொயின்றுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த ஓட்டமே. இதில் குறுக்காகச் செல்ல வேண்டுமானால் பலகையின் விளிம்பு தண்ணீருக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டும். மென்பலகையின் விளிம்போ தடித்து உருண்டது. அதன் அடியில் திசை பிடிக்கப் பொருத்திய செட்டைகளும் வளைந்து கொடுக்கும் பிளாஸ்ரிக். ஆகவே வால் வழுக்கி, பலகை நேரே கரையைப் பார்த்து இறங்கிவிடும். அது மென்மையானது, ஆகவே ஆபத்தில்லாதது என்று நினைப்பதும் சரியல்ல. அலையில் அகப்பட்ட எட்டு அடிப் பலகை பக்கத்தில் நிற்பவரின் தலையில் பட்டால், மேலே ஒட்டிய நுரை அந்த வேகத்தைக் குறைக்கப் போவதில்லை. நெரிசலான நாட்களில் மெயின் பொயின்றுக்கு மென்பலகையுடன் போகாமல், மணல்தரையுள்ள விஸ்கி பொயின்றுக்குப் போவதே முறை.

வன்பலகையின் குணம் வேறு. ஆறு அடிப் பலகையொன்று 30 லீற்றரை ஒட்டியே இருக்கும் என்பதால் பழகாதவரை அது தாங்காது. மென்பலகையிலிருந்து மாறுகிறவர் ஏழு அடிக்குக் குறையாததைக் கேட்டு வாங்க வேண்டும். மெழுகு பூசாமல் அதில் கால் நிற்காது. பூசி ஏறி, அலையின் முகத்தில் பின்காலைச் சற்று அழுத்தினால், 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியரான சைமன் அண்டர்சன் பரவச்செய்த மூன்று செட்டை அமைப்பின் அருமை உடனே புரியும்: மென்பலகையில் தோள், இடுப்பு எல்லாவற்றையும் முறுக்கியும் கிடைக்காத திருப்பம் குதிகாலின் சிறு அழுத்தத்திலேயே கிடைத்துவிடும்.

வன்பலகை கல்லில் பட்டால் வெடிக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். வெடிக்கத்தான் செய்யும். ஆயினும் கிழக்குக் கரையில் இருப்பவருக்கு அது பெரிய இடையூறல்ல. எங்கள் மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகளாக இருப்பதால், அந்த வேலை தெரிந்த கை கரையோர ஊர்களில் கிடைக்கும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. படகு வேலைக்குப் பொதுவாகப் பயன்படுவது பொலியெஸ்டர் ரெசின் என்ற பிசின். பொலியூரிதேன் நுரையில் செய்த பலகைக்கு அது பொருந்தும். ரெஜிபோம் வகை நுரையில் செய்து எபொக்சி என்ற வேறு பிசின் பூசிய பலகையில் அதை ஊற்றினால் உள்ளே இருக்கும் நுரை கரைந்து குழியாகிவிடும். உடைந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: மாப்போல உதிர்ந்தால் பொலியூரிதேன், வெள்ளை மணிமணியாகக் கழன்றால் மற்றது. எதுவானாலும், உள்ளே போன தண்ணீர் வடிந்து காயும்வரை நிழலில் வைத்த பிறகே அடைக்க வேண்டும். மென்பலகையின் மேற்படை கிழிந்து நீர் ஊறினால், அது நாளுக்குநாள் கனத்துக்கொண்டே போகும்; ஒட்டுப் போட்டுப் பயனில்லை. இதனால்தான் மென்பலகை வாடகைக்கு ஏற்றது, சொந்தமாக வாங்க ஏற்றது வன்பலகை என்பது என் கருத்து.

கடைகளின் சேவையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலானவர்கள் தமிழில் நன்றாகக் கதைத்து, உயரமும் எடையும் பார்த்தே பலகை தருகிறார்கள். ஒரு கடையில் மட்டும், ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு என்னிடம் பணம் கேட்டார்கள். எடுக்கும்போதே கைபேசியில் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். காலில் கட்டும் வார் வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதையும் கடை வாசலிலேயே இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் பருவம் முடியும் செப்டெம்பர், ஒக்டோபர் வரை பொறுத்திருக்கலாம். ஊர் திரும்பும் வெளிநாட்டவர் சிலர் தங்கள் பலகைகளைச் சுமந்து செல்ல விரும்பாமல் விற்றுவிடுவார்கள். நிறம் பழுத்திருப்பது வெயிலின் வேலை, அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. பலகையின் மேல் கால் ஊன்றும் இடங்களை இரண்டு பெருவிரல்களாலும் அழுத்திப் பாருங்கள். மேற்போர்வை நுரையை விட்டுக் கிளம்பி உள்வாங்குமானால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.