ஒரே எடையுள்ள இரண்டு ஓவல் வைரங்களுள் எது பெரியது?

அக்கா மகனின் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் எடுப்பதற்காகக் கோவை ராஜ வீதியில் ஒரு வைரக் கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் கறுப்புத் துணி விரித்த தட்டில் இரண்டு ஓவல் கற்களை வைத்து, அவற்றின் சான்றிதழ்களையும் பக்கத்தில் பிரித்துக் காட்டினார். இரண்டும் இயற்கை வைரங்கள். இரண்டும் 1 காரட் எடை. இரண்டுக்கும் நிறத் தரம் எச், அதாவது கிட்டத்தட்ட நிறமற்றது; தெளிவுத் தரம் விஎஸ்2, அதாவது உள்ளிருக்கும் புள்ளிகள் மிகச் சிறியவை. இரண்டாவது கல் மட்டும் விலையில் சற்றுக் குறைவு. "ரெண்டும் ஒரே கல்லுத்தானுங்களே மாமா, கம்மியா இருக்கறதையே எடுத்துக்கலாமுங்களே?" என்று அவன் கேட்டான். தாளை மட்டும் பார்த்தால் அவன் சொல்வதே சரி. ஆனால் ஓவல் கல்லைத் தாளைப் பார்த்து வாங்க முடியாது என்பதற்கு அந்தத் தட்டே நல்ல சான்றாக இருந்தது.

அக்காவுக்கு முதலிலிருந்தே ஓவல் பிடிக்கவில்லை. வைரம் என்றால் வட்டமாக இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அதற்கும் ஒரு நியாயம் உண்டு. வட்டக் கல்லின் பட்டைகள் எந்தக் கோணத்தில் அமைந்தால் ஒளி மிகுதியாகத் திரும்பி வரும் என்பதை மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இலேயே கணக்கிட்டு எழுதிவிட்டார். 2006 முதல், வைரங்களைத் தரம் பிரித்துச் சான்றிதழ் தரும் ஜிஐஏ நிறுவனம் வட்டக் கல்லுக்கு வெட்டுத் தரத்தையும் சான்றிதழில் குறிப்பிட்டு வருகிறது. ஆகவே மிகச் சிறந்த வெட்டு என்று குறிக்கப்பட்ட ஒரு வட்டக் கல்லை, நேரில் பார்க்காமலேயே வாங்கினாலும் பெரிய ஏமாற்றம் நேராது. இன்று நாம் காணும் ஓவல் வெட்டு லசார் கப்லான் என்பவரால் 1957-இல் உருவானது. ஜிஐஏவின் ஓவல் சான்றிதழில் மெருகும் சமச்சீரும் இருக்கும். வெட்டுத் தரம் என்ற வரி இருக்காது. அந்த வரி இல்லாத இடத்தை வாங்குபவரின் கண்தான் நிரப்ப வேண்டும்.

அப்படியானால் ஓவல் எதற்கு என்றால், வட்டம் வெட்டும்போது பட்டை தீட்டாத மூலக் கல்லில் கழிவு அதிகம் என்பதால் காரட் கணக்கில் வட்டக் கல்லின் விலை பொதுவாகக் கூடுதலாக இருக்கும். தோற்றத்திலும் ஓவல் பெரிது. நன்றாக வெட்டிய 1 காரட் வட்டக் கல்லின் விட்டம் ஏறத்தாழ 6.45 மில்லிமீட்டர், 8.0க்கு 5.7 அளவுள்ள 1 காரட் ஓவலின் மேற்பரப்பு அதைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு பெரியது. விரலின் நீளவாக்கில் அமர்வதால் விரலும் நீண்டு தெரியும். கல்லை நேரில் பார்க்க வழியில்லாமல், ஊரில் இருக்கும் உறவினர் மூலமாக வாங்குபவராக இருந்தால் வட்டத்தையே எடுங்கள் என்பேன். கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பு இருப்பவருக்கு ஓவல் மேலானது. பேரி, மார்க்கீஸ் போன்ற கூர்முனை வடிவங்களை நாங்கள் கேட்கவில்லை. மோதிரத்தில் அந்த முனை அடிபட்டால் உடைய வாய்ப்புண்டு.

இனித் தட்டில் இருந்த இரண்டு கற்களுக்கு வருகிறேன். முதல் கல்லின் நீளம் 8.0, அகலம் 5.7, உயரம் 3.45 மில்லிமீட்டர். இரண்டாவது கல்லின் நீளம் 7.3, அகலம் 5.5, உயரம் 3.94. உயரத்தை அகலத்தோடு ஒப்பிட்டு விழுக்காடாகச் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கில் முதல் கல் 60.5, இரண்டாவது ஏறத்தாழ 71.6. ஓவலுக்கு 58 முதல் 63 வரை வசதியான அளவு என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது கல் தன் எடையில் ஒரு பகுதியை வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது என்பது தெரியும். மோதிரத்தில் பதித்த பிறகு அந்த வயிற்றை யாரும் பார்க்கப் போவதில்லை. மேலிருந்து பார்க்கும்போது முதல் கல்லின் பரப்பு இரண்டாவதைவிட 13 விழுக்காட்டுக்கும் மேல் பெரியது. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவது கல் 1 காரட் வட்டக் கல்லைவிடவும் சிறியதாகத் தெரியும். ஓவல் பெரியதாகத் தெரியும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நம்பி அதை வாங்கியிருந்தால், நாங்கள் எதற்காக ஓவலைத் தேர்ந்தோமோ அதுவே கிடைக்காமல் போயிருக்கும்.

வெட்டுபவர் ஏன் இப்படி வெட்டுகிறார் என்றால், எடை 1 காரட்டைத் தொட்டவுடன் காரட் விலையே ஒரு படி ஏறிவிடுகிறது. 100 சென்ட் சேர்ந்தது 1 காரட். 96 சென்ட்டில் அழகாக முடிக்கக்கூடிய கல்லை, ஆழத்தைக் குறைக்காமல் விட்டு 100 சென்ட்டாகக் காட்டினால் சூரத்துப் பட்டறைக்கு லாபம். அது அவர்கள் தொழில். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, நீள அகலம் எல்லாம் சான்றிதழிலேயே அச்சாகியிருக்கிறது. நாம்தான் எடையைப் படித்துவிட்டு மில்லிமீட்டரைப் படிக்காமல் விடுகிறோம்.

இவ்வளவையும் கேட்டபின் முதல் கல்லே போதும் என்று மருமகன் முடிவுசெய்துவிட்டான். அதற்கு மேல்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது. ஓவல் கல்லின் நடுவில், அகலவாக்கில், இரண்டு பக்கமும் விரிந்து நடுவில் ஒடுங்கிய ஒரு கரிய நிழல் விழும். வணிகத்தில் அதை 'போ டை' என்கிறார்கள். உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதைப்பாட்டு கேட்டு வளர்ந்த எனக்கு அது உடுக்கையாகத்தான் தெரிகிறது. கல்லை நாம் குனிந்து பார்க்கும்போது, நடுவிலுள்ள அடிப்பட்டைகள் சில விளக்கொளிக்குப் பதிலாக நம் தலையின் நிழலையே திருப்பிக் காட்டுகின்றன. அதனால் விளைவதுதான் இந்தக் கருமை. நிழலே இல்லாத ஓவல் அரிது. இலேசான நிழல் கல்லுக்கு ஓர் ஆழத்தைத் தரும், அது குறையில்லை. கல்லை எப்படித் திருப்பினாலும் அசையாமல் நிற்கும் கருமைதான் குறை. இது எந்தச் சான்றிதழிலும் இருக்காது.

கடையின் கூரையில் பதித்திருக்கும் சிறு விளக்குகளின் கீழ் எந்த ஓவலும் மின்னும். ஆகவே கல்லைச் சிமிட்டாவில் பிடித்து வாசற்படி அருகே, வெயில் நேராக விழாத வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கையை நீட்டிப் பார்க்கும் தூரத்தில் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தோம். முதல் கல்லில் உடுக்கை அப்படியே நின்றது. பரப்பில் வென்ற கல் ஒளியில் தோற்றது. இரண்டாவது கல்லில் உடுக்கை அவ்வளவு இல்லை, ஆனால் நடுப்பகுதி முழுவதுமே சற்று மங்கியிருந்தது.

கடைக்காரர் பொறுமைசாலி. உள்ளே போய் மூன்றாவதாக ஒரு கல்லைக் கொண்டுவந்தார். எடை 90 சென்ட், நீளம் 7.7, அகலம் 5.5, உயரம் 3.33 மில்லிமீட்டர். உடுக்கை நிழல் தெரிந்தது, ஆனால் கல்லை ஆட்டியதும் கலைந்தது. மேற்பரப்பில் இது முதல் கல்லைவிடச் சிறிதாயினும், 1 காரட் எடையுள்ள அந்த ஆழமான இரண்டாவது கல்லைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு பெரியது. 10 சென்ட் என்பது வெறும் 0.02 கிராம், ஆனால் 1 காரட் என்ற படிக்குக் கீழே இருப்பதால் விலை நன்றாகவே இறங்கியிருந்தது. "ஒரு காரட்" என்று பந்தலில் சொல்லிக்கொள்ள முடியாது என்ற ஒரு குறைதான், அதையும் அக்கா மட்டுமே சொன்னாள்.

நீள அகல விகிதத்தில் முதல் கல்லும் மூன்றாவது கல்லும் 1.40, ஆழமான கல் 1.33. ஒல்லியான விரலுக்கு 1.35 முதல் 1.45 வரை பொருந்தும் என்பது என் கருத்து; 1.50ஐத் தாண்டினால் கல் மெலிந்து ஓவல் என்ற தோற்றமே மாறத் தொடங்கும். இது முழுக்க முழுக்க ரசனை சார்ந்தது, இதில் சரி தவறு என்று வாதிட எதுவுமில்லை.

நிறத்தில் ஓவலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: மஞ்சள் சாயல் இருந்தால் அது இரண்டு முனைகளிலும் சேர்ந்து தெரியும். வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ பதிப்பதாக இருந்தால் ஜி, எச் நிறத்தோடு நிற்பது நல்லது. நம் பக்கத்து வீடுகளில் மஞ்சள் தங்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதால், ஐ நிறம் வரை இறங்கினாலும் உலோகத்தின் மஞ்சளே அதை மறைத்துவிடும். தெளிவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விஎஸ்2 போதும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புள்ளி இருந்தால் அதற்கு அடுத்த படியான எஸ்ஐ1 கூடப் போதும்.

இதற்கிடையில் மருமகனின் கைப்பேசியில் வேறொரு போட்டியாளர் வந்து நின்றார். ஆய்வகத்தில் வளர்த்த ஓவல் வைரம்: அதே பணத்தில் பாதிகூடச் செலவாகாது, கல்லோ இரண்டு மடங்கு. அது போலி வைரம் என்று சொல்வது தவறு. அதுவும் கார்பன்தான், கடினத்திலும் ஒளியிலும் வேறுபாடில்லை, வெறும் லென்ஸால் பிரித்தறியவும் முடியாது. ஆனால் விலை நிற்கவில்லை. வைரச் சுரங்க நிறுவனமான டி பீர்ஸ் 2018-இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் காரட்டுக்கு 800 டாலர் என்று ஆய்வக வைர நகைகளை விற்கத் தொடங்கியபோது அது மலிவு விலை. விலை மேலும் மேலும் சரிந்த நிலையில் 2025-இல் அந்த வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது. இயற்கைக் கல்லை எடுத்த கடையிலேயே திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ள ஏதோ ஒரு விலையாவது கிடைக்கும். ஆய்வகக் கல்லுக்கு அந்த உறுதியை எழுதித் தரும் கடையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே நம்மவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா என்பது. முடியும், ஆனால் கல்லுக்காக அல்ல. நகைக் கடனில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே பணம் தருவார்கள். அந்த மேசையில் இயற்கைக் கல்லும் ஆய்வகக் கல்லும் ஒன்றுதான். எனவே முதலீடு என்ற சொல்லை இரண்டு பக்கமும் விட்டுவிட்டு ஒப்பிட்டால், பெரிய கல் வேண்டும், மறுவிற்பனை பற்றிக் கவலையில்லை என்பவர் ஆய்வகக் கல்லைத் தாராளமாக எடுக்கலாம். உடுக்கை நிழலும் மில்லிமீட்டர் கணக்கும் அதற்கும் அப்படியே பொருந்தும். எங்கள் வீட்டில் அதை நிறுத்தியது விலைக் கணக்கு அல்ல, என் அம்மா.

மாய்சனைட் கல்லையும் கேட்டுப் பார்த்தோம். அது வைரமே அல்ல, சிலிக்கான் கார்பைடு. வைரத்தைவிட வண்ணச் சிதறல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் பெரிய ஓவலில் வானவில் தெறித்து, தெரிந்தவர் கண்ணில் உடனே பட்டுவிடும்.

அம்மாவின் காதில் இருப்பது ஏழு கல் புளூ ஜாகர் தோடு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டெய்ன் சுரங்கத்தின் பெயரே தமிழ்நாட்டு வீடுகளில் இப்படி ஒரு ரகப் பெயராகிவிட்டது. "வைரம் எல்லார்த்துக்கும் ஒத்துக்காது கண்ணு, மூணு ராத்திரி வீட்டுல வெச்சுப் பாத்துட்டுத்தான் எடுக்கோணும்" என்று அவர் பேரனிடம் சொல்லிவிட்டார். கடைக்காரரும் இந்த வழக்கம் அறிந்தவர். முன்பணம் வாங்கிக்கொண்டு 90 சென்ட் கல்லைக் கொடுத்தனுப்பினார். தோஷத்தில் எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் கடை விளக்கிலிருந்து கல்லைப் பிரித்தெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. காலையில் திண்ணை வெளிச்சத்திலும், மாலையில் சமையலறைக் குழல்விளக்கின் கீழும், இரவில் மஞ்சள் பல்பிலும் அதைப் பார்த்தோம். குழல்விளக்கில் மட்டும் உடுக்கை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மற்ற நேரங்களில் இல்லை.

மிச்சம் இருந்தது கட்டுமானம். 22 காரட் தங்கம் மென்மையானது என்பதால் கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் வளைந்துவிடும். 18 காரட், அதாவது 750 முத்திரையும், நகைக்கு நகை மாறும் ஆறு எழுத்து எச்யுஐடி அடையாள எண்ணும் உள்ள தங்கமே ஏற்றது. நான்கு கொக்கிகளில் கல் அதிகம் தெரியும். ஆறு கொக்கிகளில் பாதுகாப்பு கூடும். சுற்றிலும் விளிம்பு கட்டினால் எதிலும் மாட்டாது, ஆனால் கல் சற்றுக் கனத்துத் தெரியும். மணப்பெண் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் நாள் முழுவதும் துணி மாதிரிகளைக் கையால் தடவிப் பார்க்கும் வேலையில் இருப்பவர். கொக்கி ஒவ்வொரு முறையும் நூலை இழுக்கும். இதைக் கேட்ட ஆசாரி, இரண்டு முனைகளுக்கு மட்டும் விளிம்பு கட்டி, பக்கங்களைத் திறந்துவிடலாம் என்றார். முனைகளில் சேரும் சாயலையும் அந்தத் தங்க விளிம்பே மறைத்துவிடும் என்பதை அவர் சொன்ன பிறகுதான் நானும் யோசித்தேன். விரல் அளவை மட்டும் மாலை நேரத்தில், வேலை முடிந்து வந்த பிறகு எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.