கைபேசியில் கடைமடைக்குப் போன பக்கப்பட்டை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் உழவர் குழுவின் இணையதளத்தை 2016-லிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இணையதளம் நடத்த உதவும் ட்ரூபல் என்ற மென்பொருளின் 8-ஆம் பதிப்பில் ஆரம்பித்தது, இப்போது 10-ல் ஓடுகிறது. எழுதுவதற்கு ஆன நேரத்தைவிட, எழுதியதைப் பக்கத்தின் எந்தப் பகுதியில் வைப்பது என்று யோசித்த நேரம்தான் அதிகம்.

ட்ரூபலில் ஒரு பக்கம் தலைப்பகுதி, மெனு, உள்ளடக்கம், பக்கப்பட்டை, அடிப்பகுதி என்று பிரிந்திருக்கும். எந்தெந்தப் பகுதி உண்டு என்பது நாம் வைக்கும் ‘தீம்’, அதாவது தளத்தின் தோற்ற அமைப்பு, எது என்பதைப் பொறுத்தது. அறிவிப்பு, பட்டியல் மாதிரி ஒவ்வொரு துண்டும் ஒரு ‘பிளாக்’. ‘பிளாக் லேஅவுட்’ என்ற நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு பிளாக்கையும் வேண்டிய பகுதிக்கு இழுத்து விடலாம். வேலை சுலபம்தான். எதை எங்கே விடுவது என்பதில்தான் சிக்கல்.

முதலில் பார்ட்டிக் தீம் வைத்திருந்தோம். அதில் இரண்டு பக்கப்பட்டைகள். இடது பக்கம் பூங்கார், தூயமல்லி, காட்டுயானம் என்று நெல் ரகங்கள். வலது பக்கம் அறிவிப்புகள். கணினியில் பார்க்க அத்தனை அழகு.

2022-ல் மேட்டூர் அணையை மே 24-லேயே திறந்துவிட்டார்கள். வழக்கமான ஜூன் 12-க்கு 19 நாள் முந்தி. குறுவை விதைக்குப் பதிவு செய்யச் சொல்லி அன்று சாயங்காலமே வலது பட்டையில் முதல் பிளாக்காகப் போட்டேன். பத்து நாள் கழித்துப் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் கேட்டார்: “விதைக்குப் பேர் கொடுக்கணும்னு ஒரு வார்த்தை போடக் கூடாதா தம்பி?”

“போட்டிருக்கேனே அண்ணே.”

அவர் கைபேசியை நீட்டினார். முகப்பில் பத்துப் பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். எல்லாம் தாண்டி, இடது பட்டையின் ரகப் பட்டியலும் தாண்டி, அடியில் கிடந்தது என் அறிவிப்பு. திரை குறுகும்போது பக்கப்பட்டைகள் உள்ளடக்கத்துக்குக் கீழே இறங்கிவிடும். நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் ஆற்றுத் தண்ணீரைப் பிரித்து விட்டாலும் கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் பெயரை அன்றைக்கே எழுதிக்கொண்டேன். ஆனால் கேட்காமலே போனவர்கள் எத்தனை பேரோ, அது இன்றைக்கும் மனசை அறுக்கிறது.

அதற்கப்புறம் ‘எது முக்கியம்?’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். குழுவில் ஆளாளுக்கு அவரவர் தகவல்தான் முக்கியம். ‘இது எத்தனை நாளைக்குச் செல்லும்?’ என்றுதான் கேட்கிறேன். தேதி உள்ளது எதுவானாலும் உள்ளடக்கத்துக்கு மேலே இருக்கும் ‘ஹைலைட்டட்’ பகுதிக்குப் போகும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. வருஷம் முழுக்க உதவும் ரக விவரம் பக்கப்பட்டையில். முகவரி, தொலைபேசி எண் அடிப்பகுதியில்.

எந்தப் பக்கங்களில் பிளாக் தெரிய வேண்டும் என்று கட்டுப்படுத்தும் வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சம்பா படிக்க வந்தவருக்குக் குறுவை விதைப் பட்டியல் எதற்கு? ஒன்று கவனியுங்கள்: பக்க முகவரியை ‘/சம்பா/*’ என்று கொடுத்தால் அதன் கீழுள்ள பக்கங்களில் மட்டும்தான் வரும். ‘/சம்பா’ பக்கத்திலும் வர வேண்டுமானால் அதைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும்.

10-க்கு மாறியபோது பார்ட்டிக் ட்ரூபலோடு சேர்ந்து வரவில்லை. அதற்குப் பதில் வைத்த ஒலிவெரோ தீமில் ஒரே ஒரு பக்கப்பட்டை. வலது பட்டையில் இருந்ததையெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் யாருக்கும் பயன்படாதவை. எடுத்துவிட்டேன், யாரும் கேட்கவில்லை.

அணை நீர்மட்டத்துக்கென்று தனிப் பகுதி வேண்டும் என்று ஒலிவெரோவை அடிப்படையாக வைத்து எங்களுக்கென ஒரு துணைத் தீம் செய்தேன். தீமின் தகவல் கோப்பில் அந்தப் பகுதியின் பெயரைச் சேர்த்து, தளம் சேமித்து வைத்திருந்த பழைய நகல்களை (கேஷ்) அழித்து, பிளாக்கையும் வைத்தாயிற்று. பக்கத்தில் எதுவும் வரவில்லை. நடுராத்திரிவரை தேடிய பிறகுதான் புரிந்தது: கோப்பில் அறிவித்தால் மட்டும் போதாது, பக்கத்தின் அமைப்பை எழுதியிருக்கும் வார்ப்புருக் கோப்பிலும் அந்தப் பகுதியைத் திரையில் காட்டச் சொல்லும் வரி இருக்க வேண்டும். இப்போது மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டமான 120 அடிக்கு எத்தனை அடி இருக்கிறது என்று பார்க்க மட்டுமே தளத்துக்கு வருகிறவர்கள் உண்டு.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. குறிப்பிட்ட தேதியில் பிளாக் தானாக மறையும் ஏற்பாடு ட்ரூபலின் அடிப்படைத் தொகுப்பில் இல்லை. அதனால் ஒவ்வொரு அறிவிப்பு போடும்போதும், எடுக்க வேண்டிய நாளைச் சுவர் நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவிடுகிறேன். ஜனவரி 28-ல் ஒரு வட்டம் எப்போதும் இருக்கும். வழக்கப்படி அன்றைக்குத்தான் மேட்டூரை மூடுவார்கள்.