"சாயம் போகுமா?": எங்கட கடைக்கு வெப்சைட் செய்த தம்பி

எங்கட கடை இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனையில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. கைத்தறிச் சாறனும் சாறியும். வாப்பா காலத்தில் தறிக்கொட்டிலின் முன்பக்கம்தான் கடை, இப்போதும் பின்னால் நாலு தறி ஓடுகிறது. போன வருடக் கடைசியில் எங்களுக்கு வெப்சைட் செய்து தந்தவர் பாண்டிருப்புத் தம்பி ஒருவர். கம்பெனி ஒன்றும் இல்லை, தனி ஆள். அவருடைய வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று கன நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முதல் ஒரு தடவை காசைக் கொட்டிவிட்டு அழுதிருக்கிறேன். வேறொருவர் செய்த அந்த வெப்சைட்டில் தமிழ் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் டைப் பண்ணிப் படமாக ஒட்டப்பட்டிருந்தது. பார்க்க வடிவுதான். கூகுளில் "மருதமுனை சாறன்" என்று எத்தனை தரம் தேடினாலும் எங்கட கடை வராது. எழுத்து, கூகுள் எழுத்தாகவே வாசிக்கக்கூடிய யுனிகோடில் இல்லாமல் படத்துக்குள் அடைபட்டுக் கிடந்தால் தேடுகிறவன் கண்ணில் எப்படிப் படும்? அதை விடப் பெரிய இழப்பு, வெப்சைட்டின் முகவரியான டொமைனை அவர் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். ஒரு வருடம் முடிந்தது, போன் எடுக்கவில்லை, கடையின் பெயரும் போய்விட்டது. யார் பெயரில் பதிவோ, பிடி அவர் கையில்தான் என்று எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை.

இரண்டாம் முறை ஆள் தேடியபோது ஒரே நாளில் 17 பேர் வட்ஸ்அப்பில் எழுதினார்கள். மட்டக்களப்பிலிருந்து, கல்முனையிலிருந்து, கொழும்பிலிருந்தும். எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள், ஆனால் எழுதியது எல்லாம் ஒன்றுதான்: ஐந்து பக்கம், போனிலும் வேலை செய்யும், விலை இவ்வளவு. யாரை எடுப்பது, யாரை விடுவது? விலையை மட்டும் பார்த்தால் மறுபடி பழைய கதைதான்.

பாண்டிருப்புத் தம்பி மட்டும் குரல் செய்தி அனுப்பினார். "அக்கா, உங்கட பேஸ்புக் பக்கத்தை முழுக்கப் பார்த்தன். ஆக்கள் கேக்கிறது மூண்டு கேள்விதான். விலை என்ன, சாயம் போகுமா, கொழும்புக்கு அனுப்புவீங்களா. இந்த மூண்டுக்கும் பதில் சொல்லாத வெப்சைட் உங்களுக்கு வேணாம். ஒருக்கா தறியைப் பார்க்க வரட்டுமா?" ஒரு நிமிடம்கூட இல்லை. என் கடையைப் பற்றி என்னிடமே பேசிய ஒரே ஆள் அவர்தான். வாங்க தம்பி என்றேன்.

காலையில் ஒன்பது மணிக்கு வந்தவர் பகல் வரைக்கும் லெப்டொப்பைத் திறக்கவே இல்லை. நெய்யும் மாமிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து நாடா போய் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சாறனில் ஒன்று 1,800, மற்றது 3,200, ஏன் என்று. இரண்டிலும் ஒவ்வொரு இழையை உருவி என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். நூல் நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. மெல்லிசு நூல் என்றால் பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் கட்டும் நூலில், இழை கூடப் போட வேண்டும், நெய்ய நாளும் கூடும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, கையை அசைக்காமல் வாசல் வெளிச்சத்துக்கு வரச் சொல்லிப் படம் எடுத்தார். என் உள்ளங்கையும் அந்த இரண்டு இழையும்தான் இன்றைக்கு விலைப் பக்கத்தின் மேலே இருக்கின்றன. "ஏன் இவ்வளவு விலை" என்ற போன் அதற்குப் பிறகு நன்றாகக் குறைந்துவிட்டது.

சாயத்துக்குப் பதிலாக "போகாது" என்று போடச் சொன்னேன். "உண்மையாப் போகாதா அக்கா?" என்றார். கடும் சிவப்பு முதல் இரண்டு கழுவலுக்குக் கொஞ்சம் இறங்கும், அது எனக்குத் தெரியும். அப்படியே எழுதினோம், தனியாகக் கழுவுங்கள், நிழலில் காயப்போடுங்கள் என்பதையும் சேர்த்து. நிறம் வேறு மாதிரி என்று திரும்பி வந்த சாறிகள் முன்பு உண்டு. இப்போது எல்லாப் படமும் காலை எட்டு மணி வெளிச்சத்தில், திண்ணை நிழலில், வெள்ளைத் துணி மேல் விரித்து எடுத்தவை. மயில்பச்சை மயில்பச்சையாகவே தெரிகிறது.

வேகத்தைச் சோதிக்க அவர் தன் புதுப் போனை எடுக்கவில்லை, மாமியின் பழைய போனைத் தறிக்கொட்டிலின் மூலையில், சிக்னல் ஒரு கோடு நிற்கும் இடத்தில் வைத்துத் திறந்தார். பெரிய படம் 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவாம். முதல் நாள் ஆறு செக்கன் எடுத்தது. படங்களையெல்லாம் சுருக்கிக்கொண்டு வந்து மறுபடி அதே மூலையில் நின்றார். டொமைன் என் பெயரில், என் ஈமெயிலில், என் கார்டில். கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி என் கையில் தந்துவிட்டுத்தான் மிச்சக் காசை வாங்கினார். மொத்தம் 85,000. அந்த 17 பேரில் இவர் கேட்ட விலைதான் ஆகக் கூட.

குறைகளும் உண்டு. சொன்ன நாளை விடப் பன்னிரண்டு நாள் பிந்தியது. ஆங்கிலப் பக்கம் திருத்தமாக இல்லை, மகள் உட்கார்ந்து முழுவதையும் திருப்பி எழுதினாள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் எடுப்பார், ஆகவே அவசரக்காரருக்குச் சரிவராது.

ஒரு விசயத்தில் எங்களுக்குள் பேச்சுப்பட்டது. 2004 சுனாமி எங்கட தறி எல்லாவற்றையும் கொண்டுபோனது. பிறகு வாப்பா கடன் பட்டு வாங்கிய முதல் தறியில் அவர் இருக்கும் படம் ஒன்று இருக்கிறது, மங்கல், ஓரம் கிழிந்தது. அதை "எங்களைப் பற்றி" பக்கத்துக்கு மாற்றுவோம், முதலில் சாறன்தான் தெரிய வேண்டும் என்றார் தம்பி. தொழில் தெரிந்தவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாப்பா முதல் பக்கத்திலேயே இருக்கிறார், கிழிந்த ஓரத்தோடு.

சிங்களப் பக்கம் இன்னும் இல்லை. அம்பாறை டவுனிலிருந்து வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். நன்றாகச் சிங்களம் எழுதுகிற ஒருவரைத் தம்பி தேடிக்கொண்டிருக்கிறார், முற்பணம் போன கிழமையே கொடுத்துவிட்டேன்.