பிப்பும் கச்சேரி வாசலும்

நேற்றிரவு வவுனியாவில் படிக்கிற மருமகன் ஒரு படம் அனுப்பினான். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. கீழே ஒரு வரி: "மாமா, பிப் சுகம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

சொன்னதுதான். பிப் என்பது பைதன் நிரல் மொழிக்கு வேண்டிய மொடியூல்களை, அதாவது ஆயத்த நிரல் பாகங்களை, இறக்கிப் போடும் கருவி; இது அதற்கான என் விமர்சனம். மூன்று வருடமாகக் கிளிநொச்சியில் ஒரு நெல் ஆலையின் கணக்கைப் பைதனில் ஓட்டுகிறேன். பெரும்பாலான மொடியூல்கள் ஒரு வரியில் வந்து குந்திவிடும். வராதவை சி மொழியில் எழுதிய பாகம் உள்ளவை. வீல் என்ற, கட்டிமுடித்த நிறுவற் கோப்பு கிடைக்காவிட்டால், நம் கணினியிலேயே கொம்பைல் செய்யவேண்டும், அதாவது அந்தச் சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றவேண்டும். புதிதாகப் போட்ட லினக்ஸில் அதற்கான சாமான் இருக்காது.

எனக்கு வாய்த்தது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பைதனை இணைக்கும் சைகோபிஜி2. பிஜி_கொன்பிக் என்ற கருவி இல்லை என்றது, அது அடங்கிய லிப்பிகியூ-டெவ் போட்டேன். கொம்பைல் செய்யும் ஜிசிசி எங்கே என்றது. அது அடங்கிய பில்ட்-எசென்ஷியலுக்காக இரவு டேட்டா தொடங்கும்வரை முழித்திருந்தேன். அப்புறம் பைதன்.எச் என்ற கோப்பு இல்லையாம், அதற்குப் பைதன்3-டெவ். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அடையாள அட்டைப் பிரதியோடு போனால் முத்திரை எங்கே என்பார்களே, அதே கதை. மூன்றையும் முதலிலேயே கேட்டால் என்ன?

அதைவிட எரிச்சல் பிழைச் செய்தியின் முடிவுப் பக்கம் வரும் ஒரு வரி. பிழை பிப் ஓட்டிய துணைச் செயலிலிருந்து வந்ததாம், அநேகமாகப் பிப்பின் பிரச்சினை இல்லையாம். உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் மேலே எங்கேயோ கிடக்க, இது கையைக் கழுவிக்கொண்டு கீழே நிற்கிறது.

நியாயத்தையும் சொல்லவேண்டும். கொம்பைல் செய்தே வரும் சைகோபிஜி2-பைனரி போட்டால் கொம்பைலரே தேவையில்லை என்று அந்த முதல் பிழைச் செய்தியிலேயே எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. சிவப்பைக் கண்டால் யார் வாசிக்கிறார்கள்?

ஒரு விசயத்தில் மட்டும் மனம் குளிர்ந்தது. பிப் வீல் என்று அடித்தால் கொம்பைல் செய்ததை வீல் கோப்பாகவே தரும். அதைப் பென் டிரைவில் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய், இணையமே இல்லாத கிளைக் கணினியில் போட்டேன். பைதன் பதிப்பு ஒன்றாக இருந்ததால் இரண்டு செக்கனில் ஏறியது. அன்று பிப்பைக் கும்பிட்டேன்.

மருமகனுக்கு மூன்று பெயரையும் ஒரே வரியில் அனுப்பிவிட்டு, நான்கு நட்சத்திரம் போடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது பதில் வந்திருக்கிறது: "பைதன்.எச் இல்லையாம் மாமா." மூன்றாவதை விட்டுவிட்டான் போல.

இரண்டு நட்சத்திரம்.