சூட்டுல ஸ்டார்ட் ஆகாத டீசல் கார்: காமன் ரெயில் இன்ஜெக்டரோட நீண்ட நாள் அனுபவம்

போன வாரம்தான் என் டீசல் கார்ல நாலு இன்ஜெக்டரையும் (சிலிண்டருக்குள்ள டீசல பீச்சுற பாகம்) கழட்டி சரி பண்ணி மாட்டினேன், அந்த நேரம் பார்த்து கூடப் படிச்சவன் ஒருத்தன் போன் பண்ணி, "டேய், டெல்லி வண்டி ஒண்ணு வருதுடா, டீசல், ரேட் ரொம்ப கம்மி, எடுக்கலாமா"ன்னு கேட்டான். 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி சுத்துவட்டாரத்துல பத்து வருஷம் தாண்டின டீசல் ஓடக்கூடாதுன்னு சொன்னதுல இருந்தே அங்கருந்து சல்லிசா வண்டி இறங்கிட்டுதான் இருக்கு. போன்ல அவன்கிட்ட பாதிதான் சொல்ல முடிஞ்சுது, மீதிய எழுதிடுறேன்.

என்னோடது சின்ன டீசல் இன்ஜின், நாலு சிலிண்டர், ஒன்றரை லட்சம் கிமீ தாண்டிருச்சு. மைலேஜ், ஏசி, சஸ்பென்ஷன் எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், அத விடுங்க. என் உயிர எடுத்தது ஒரே ஒரு விஷயம். காலையில பச்சத்தண்ணி மாதிரி இருக்குற இன்ஜின் ஒரே செல்ஃப்ல எடுத்துக்கும், அதே வண்டிய கரூர்லருந்து திருச்சி வரைக்கும் வெயில்ல ஓட்டிட்டு டீ குடிக்க நிறுத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு சாவியத் திருப்பினா செல்ஃப் சுத்திட்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆற விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பங்க்ல டீசல் போட்டுட்டு எடுக்க முடியாம, பின்னாடி நிக்கிறவங்க ஹாரன் அடிக்க, வீட்டுல உள்ளவங்கள இறக்கி தள்ள வேண்டி வந்திருக்கு.

சர்வீஸ் சென்டர்ல (பேர் வேணாம்) முதல்ல பேட்டரி மாத்தினாங்க. அப்புறம் டீசல் ஃபில்டர். அப்புறம் ஹீட்டர் பிளக். எனக்கு கோவம் வந்தது இங்கதான். ஹீட்டர் பிளக் குளிர்ந்த சிலிண்டர சூடாக்கத்தானே இருக்கு, காலையில அழகா ஸ்டார்ட் ஆகி மத்தியானம் மக்கர் பண்ற வண்டிக்கு அத மாத்தி பில் போட்டா என்ன அர்த்தம்? ஸ்கேனர்ல எரர் இல்ல சார், எரர் இல்ல சார்னு அதையே சொல்லிட்டு இருந்தாங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா அந்தக் கோவம் ஏன்னு புரியும். காமன் ரெயில்ல ஹை பிரஷர் பம்ப் டீசல அமுக்கி ரெயில்னு சொல்ற ஒரு தடிமனான குழாய்க்குள்ள சேர்த்து வைக்குது, நாலு இன்ஜெக்டரும் அதுலருந்துதான் எடுத்துக்கும். ஐடிலிங்ல (வண்டி நின்னபடி இன்ஜின் ஓடும்போது) பிரஷர் 250, 300 பார் கிட்ட இருக்கும், மிதிச்சா 1600 பார் வரைக்கும் போகும், கார் டயர்ல நாம அடிக்கிற காத்து ரெண்டரை பார் கூட இல்லைங்கிறத நெனச்சுப் பாருங்க. இவ்வளவு பிரஷர்ல இன்ஜெக்டரோட துளைய அடைச்சுட்டு இருக்குற ஊசிய சோலனாய்டு (கரண்ட் குடுத்தா காந்தமாகுற சுருள்) நேரா தூக்க முடியாது. அதனால ஊசிக்கு மேல ஒரு குட்டி அறை, அதுக்குள்ளயும் அதே ரெயில் பிரஷர், அதுதான் ஊசிய கீழ அமுக்கிப் பிடிக்குது. ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) கரண்ட் குடுத்ததும் சோலனாய்டு ஒரு சின்ன பால் வால்வ (குட்டிப் பந்து வச்சு மூடுற வால்வு) மட்டும் தெறக்கும், மேல இருக்குற பிரஷர் இறங்கிடும், கீழருந்து வர்ற பிரஷரே ஊசியத் தூக்கி டீசல பீச்சிடும். அறையிலருந்து வெளிய வந்த டீசல் ரிட்டர்ன் குழாய் வழியா டேங்குக்குத் திரும்பிடும். இத யோசிச்சவங்க கையக் கும்பிடணும், சத்தியமா.

பிரச்சனையும் அதே பால் வால்வுலதான். அது உக்கார்ற இடம் தேஞ்சா டீசல் சும்மாவே ரிட்டர்ன்ல ஒழுகும். ஓடிட்டு இருக்கும்போது பம்ப் வேகமா சுத்துறதால ஈசியூ கொஞ்சம் கூடுதலா டீசல விட்டு சமாளிச்சிடும், நமக்கும் தெரியாது, ஸ்கேனருக்கும் தெரியாது. செல்ஃப் அடிக்கும்போது பம்ப் மெதுவா சுத்தும், ரெயில்ல சுமார் 200 பார் ஏறினாத்தான் ஈசியூ இன்ஜெக்டர தெறக்க விடும் (இன்ஜினுக்கு இன்ஜின் அளவு மாறும்). சூட்டுல டீசல் இளகி இன்னும் ஈஸியா ஒழுகும், பிரஷர் ஏறவே ஏறாது. காலையில ஏன் எடுக்குது மத்தியானம் ஏன் எடுக்கலைங்கறதுக்கு இவ்வளவுதான் காரணம்.

இத கண்டுபிடிச்சது நாமக்கல்ல லாரி பம்ப் வேலை பாக்குற ஒரு கடைக்காரர். வண்டி சூடா இருக்கும்போதே நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன்லயும் நாலு டியூப மாட்டி நாலு பாட்டில்ல விட்டாரு. ரெண்டு பாட்டில்ல கொஞ்சமா டீசல், ஒண்ணுல அதவிடக் கூட, மூணாவது சிலிண்டர் பாட்டில் கிடுகிடுன்னு நெறஞ்சிடுச்சு. அவ்வளவுதான் டெஸ்ட்டு. பழைய மெக்கானிக்குங்க செய்யற மாதிரி இன்ஜின் ஓடும்போது பைப் நட்ட லூஸ் பண்ணிப் பாக்கவே கூடாதுன்னு அவரு தனியா சொன்னாரு, இந்த பிரஷர்ல பீச்சுற டீசல் தோலக் கிழிச்சு உள்ள போயிடும், கையே போயிடும். கழட்டின இன்ஜெக்டர டெஸ்ட் பெஞ்சுல வச்சு வால்வு செட் மாத்தி, புது காப்பர் வாஷர் போட்டு (பழசத் திருப்பிப் போட்டா கம்ப்ரஷன் லீக் ஆகும்), ஒவ்வொண்ணு தலையிலயும் இருக்குற கோட் நம்பர ஈசியூவுல ஏத்திக் குடுத்தாரு. அந்தக் கோட் நம்பர ஏத்தாம மாட்டிக் குடுக்கற கடைங்கதான் அதிகம், அப்புறம் ஐடிலிங் ஆட்டமும் புகையும் வருதுன்னா வராம என்ன பண்ணும்?

இப்போ வண்டி எப்படி இருக்குன்னா, நான் வாங்கின புதுசுல கூட இப்படி இருந்ததா ஞாபகம் இல்ல. மெயின் இன்ஜெக்ஷனுக்கு முன்னாடி ஒரு துளியூண்டு டீசல பைலட்டா தெளிக்குதே, அதுதான் அந்த டக்கு டக்கு சத்தத்த அடக்குறது, பழைய அம்பாசடர் டீசல்ல உக்காந்து போனவங்களுக்கு வித்தியாசம் நல்லாத் தெரியும். 2000 ஆர்பிஎம்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் செகண்டுக்கு பதினாறு பதினேழு தடவ இந்த வேலை நடக்குது. 1997-ல ஆல்ஃபா ரோமியோ 156-லதான் இந்த காமன் ரெயில் கார்ல முதல்ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி இந்த அமைதி டீசல்ல நெனச்சே பாக்க முடியாது. ஒன்றரை லட்சம் கிமீ நம்ம ஊரு தண்ணி கலந்த டீசலயும் தூசியையும் தாங்கி ஓடி தேஞ்சிருக்குன்னா அது நியாயமான தேய்மானம்தான், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

ஆனா மச்சான், நீ வாங்காத. பாட்டில் வச்சுப் பாக்க பத்து ரூபா டியூப் போதும்கிற டெஸ்ட்டுக்கு பதிலா பேட்டரியும் ஹீட்டர் பிளக்கும் வித்துட்டு, கடைசியில நாலு இன்ஜெக்டரும் புதுசாத்தான் போடணும்னு ஒரு பெரிய தொகைய நீட்டினாங்க பாரு, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் அடங்கல. உனக்கு நாமக்கல் கடைக்காரர் மாதிரி ஒருத்தர் பக்கத்துல இல்ல, பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தப்புறம் சின்ன டீசல் கார நிறைய கம்பெனி நிறுத்தியே போட்டாங்க, நாளைக்கு பார்ட்ஸுக்கும் அலைவ.

கேக்க மாட்டேன்னு தெரியும். அப்படி எடுக்கறதா இருந்தா காலையில போய்ப் பாக்காத, மத்தியானம் போ. அரை மணி நேரம் நல்லா ஓட்டிட்டு ஆஃப் பண்ணி கால் மணி நேரம் கழிச்சு செல்ஃப் அடி. ரெண்டு மூணு சுத்துல எடுக்கலைன்னா அட்வான்ஸ் குடுக்காம வந்துடு.