ரெண்டு இன்ச் கேட்டேன், ஏறக்குறைய நாலு இன்ச் தூக்கிவிட்டார்கள்

இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் மாதிரி பிக்கப் வைத்திருப்பவர்கள், முன்பக்கத்தைத் தூக்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

காலி வண்டியில் பின்பக்கம் உயர்ந்து மூக்கு குனிந்துதான் நிற்கும். பாரம் ஏற்றினால் சமமாகட்டும் என்று கம்பெனியே அப்படி விடுகிறது, எனக்குத்தான் அது கண்ணை உறுத்தியது. கோவையில் ஒரு கடையில் ரெண்டு இன்ச் தூக்கச் சொன்னேன். ஸ்பேசர் (முன் சஸ்பென்ஷனுக்கு மேல் வைக்கும் கனமான வளையம்), கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்.

மறுநாளே பொள்ளாச்சி ரோட்டில் வேகத்தடை இறங்கும்போதெல்லாம் முன்னால் டங்கென்று சத்தம். போன் செய்தால் "புது கிட் அண்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார்கள், நானும் நம்பினேன். தேங்காய் லோடு ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் தென்னை உச்சியைப் பார்க்க, எதிரே வந்தவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே போனது தனிக்கதை.

6,000 கிலோமீட்டரில் முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் மொட்டை. கையால் ஒரு பக்கம் தடவினால் வழவழ, திருப்பித் தடவினால் ரம்பம். வேறு பட்டறையில் மிஷினில் ஏற்றியபோது டோ, அதாவது முன் சக்கரங்களின் முன்விளிம்பு, வெளியே விரிந்து கிடந்தது. தூக்கியபின் அலைன்மென்ட் பார்த்திருந்தால் இப்படி இருக்காது என்றார் மெக்கானிக். பில்லில் அதற்குத் தனியாகக் காசு போட்டிருக்கிறார்கள்! அலைன்மென்ட் பிரிண்ட் அவுட் கேட்டு வாங்காதது என் தப்பு, நீங்கள் வாங்கிவிடுங்கள், சரிசெய்வதற்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று, இரண்டும்.

கழற்றியபோதுதான் பெரிய கூத்து. ஸ்பேசரே ரெண்டு இன்ச் கனம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் உட்காருவது, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில், சக்கரம் இருப்பதோ நுனியில், அதனால் மேலே ஒரு இன்ச் வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டாகிவிடும். மேல் ஆர்ம் தொங்கிப்போய் ஸ்பிரிங்கில் இடித்த தழும்பு தெரிந்தது, அந்த டங் சத்தம் அதுதான். ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டில் ஆட்டம். ஆக்ஸில் அதிகமாகச் சாய்ந்ததில் அதன் மூட்டை மூடும் ரப்பர் உறையின் (பூட்) மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்து, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கிரீஸ். டயரோடு சேர்த்து 40,000 தாண்டியது, வாரண்டி கேட்க வாயே இல்லை.

ஸ்பேசரை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "நீங்க கேட்டது ரெண்டு இன்ச்தானே அண்ணே, ரெண்டு இன்ச் கரெக்டா இருக்கே?"