ஜோ லிகின்ஸ்: எக்ஸ்க்ளூசிவ் பதிவுகளா, ஸ்பெஷால்ட்டி பதிவுகளா?

ஜம்ப் ப்ளூஸ் (1940களின் துள்ளலான ப்ளூஸ் இசை) கேட்கத் தொடங்குபவர்கள் அமெரிக்கப் பியானோக்காரரும் குழுத் தலைவருமான ஜோ லிகின்ஸிடம் வந்ததும் இங்கேதான் தடுமாறுவார்கள்: எக்ஸ்க்ளூசிவ், ஸ்பெஷால்ட்டி என்ற இரண்டு இசைத்தட்டு நிறுவனங்களில் அவர் செய்த பதிவுகளில் எதை எடுப்பது?

பெரிய வெற்றி
எக்ஸ்க்ளூசிவ்: 1945இல் வந்த 'தி ஹனிடிரிப்பர்'. அமெரிக்கக் கறுப்பின இசையின் விற்பனைப் பட்டியலில் 18 வாரம் முதலிடம்.
ஸ்பெஷால்ட்டி: 1950இல் வந்த 'பிங்க் ஷாம்பெயின்'. 13 வாரம் முதலிடம்.

பியானோ
எக்ஸ்க்ளூசிவ்: 'ஹனிடிரிப்பர்' நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டு ஒன்றின் இரண்டு பக்கத்துக்கும் நீள்கிறது. ஒரே சின்னப் பியானோ மெட்டு, அவசரமே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும். அதன்மேல் சாக்ஸபோன்கள் மெல்ல ஏறி உட்காரும். சாம்மி ஃபிராங்க்ளினின் குழுவில் இருந்தபோது லிகின்ஸ் எழுதிய பாட்டு இது. ஃபிராங்க்ளின் அதைப் பதிவு செய்ய மறுத்ததால்தான் லிகின்ஸ் தனிக்குழு கண்டார். எனக்கு லிகின்ஸின் அந்தப் பிடிவாதம் இசையிலேயே கேட்கிறது.
ஸ்பெஷால்ட்டி: குரல் முன்னே வருகிறது, பியானோ துணைக்கு நிற்கிறது.

ஒலித்தெளிவு
எக்ஸ்க்ளூசிவ்: பழைய தட்டின் கரகரப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.
ஸ்பெஷால்ட்டி: இன்னும் துலக்கம்.

கிடைப்பது
எக்ஸ்க்ளூசிவ் 1940களின் இறுதியிலேயே மூடப்பட்ட நிறுவனம். ஸ்பெஷால்ட்டி பதிவுகளோ குறுந்தட்டுத் தொகுப்பாக மறுபடி வந்தன, தேடுவது சுலபம்.

சரி, எதை எடுப்பது? விருந்தில் ஒலிக்கவிட, பாட்டோடு சேர்ந்து பாட ஸ்பெஷால்ட்டி போதும். லிகின்ஸின் சகோதரர் ஜிம்மியும் அதே நிறுவனத்தில் பதிவு செய்தவர், அப்படியே அவரிடமும் போகலாம். ராக் அண்ட் ரோலுக்கு முந்தைய தாளம் எப்படி உருவானது என்று கவனித்துக் கேட்பவர் 'ஹனிடிரிப்பரின்' இரண்டு பக்கத்தையும் முதலில் கேட்கட்டும்.